காத்தலும் கவர்தலும்: கம்போடியா 1979

1979 ஜனவரி 7ஆம் நாள் வியட்நாமியப் படைகள் புனோம் பென் நகருக்குள் நுழைந்தபோது அவர்களை வரவேற்கவும் ஆளில்லை, எதிர்க்கவும் ஆளில்லை. ஏறத்தாழ நான்காண்டுகளுக்கு முன், 1975 ஏப்ரல் 17 அன்று அந்நகரைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் இயக்கத்தினர், போர் அகதிகளோடு சேர்த்து 20 லட்சம் அளவுக்குப் பெருகியிருந்த அதன் மக்களைச் சில நாட்களுக்குள் நாட்டுப்புறத்திற்கு விரட்டியிருந்தனர். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. பணம், சந்தை, பள்ளிக்கூடம், பௌத்த மடம், அஞ்சல் என நாகரிக வாழ்வின் அடையாளங்கள் ஒவ்வொன்றும் ஒழிக்கப்பட்டன. வெறிச்சோடிய தெருக்களின் வழியே சென்ற வியட்நாமியப் படையின் புகைப்படக்காரர் ஒருவர், துர்நாற்றம் வந்த திசையில் நடந்து ஒரு பழைய உயர்நிலைப் பள்ளியை அடைந்தார். வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்கள். அவற்றில் கடைசி நேரத்தில் கொல்லப்பட்ட 14 பேரின் உடல்கள். இன்று துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம் என்று உலகம் அறிந்திருக்கும் இடம் அதுவே. அந்தச் சிறைக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் குறைந்தது 14,000 பேர். உயிரோடு மீண்டவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சிறையின் தலைவராக இருந்தவர் அதற்கு முன் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு இந்தச் செய்தியைக் கடந்து செல்வது இன்றும் எளிதாக இல்லை.

ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் இன்னொரு நாடு படைகொண்டு தலையிடலாமா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கருத்தளவிலேயே விவாதிக்கிறோம். இறையாண்மை ஒரு தட்டிலும் மனித உயிர் மறு தட்டிலும் வைக்கப்பட்டு, பேசுபவரின் அரசியல் சார்புக்கேற்பத் தராசு சாய்கிறது. கம்போடியா இந்தத் தராசையே குலைத்துப்போடுகிற ஓர் உதாரணம். அந்நாட்டைப் பற்றி நமக்குள்ள நினைவோ அங்கோர் வாட்டோடு நின்றுவிடுகிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தவர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்ட நான்காண்டுகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. 78 லட்சம் அளவில் இருந்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு.

அதைத் தடுத்து நிறுத்தியது வியட்நாம். இதில் ஐயமில்லை. ஆனால் எதற்காக நிறுத்தியது?

கருணையினால் அன்று. 1975க்குப் பின்னர் இரண்டாண்டுகளுக்கு மேல் ஹனோய் கெமர் ரூஜ் அரசைத் தோழமை அரசாகவே வெளியில் காட்டிவந்தது. எல்லைக்கு அப்பால் நடந்த கொலைகளைப் பற்றி உலகறிய வாய் திறக்கவில்லை. 1977இல் கெமர் ரூஜ் படைகள் எல்லை தாண்டி வியட்நாமியக் கிராமங்களைத் தாக்கத் தொடங்கின. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற சிற்றூரில் மட்டும் 3,157 பேர் கொல்லப்பட்டனர் என்கிறது வியட்நாம். போல் பாட்டின் பின்னால் சீனா நின்றது; வியட்நாம் 1978 நவம்பர் 3 அன்று சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. டிசம்பர் தொடக்கத்தில், எல்லையை ஒட்டிய சுனூல் பகுதியில், கம்போடிய மீட்பு முன்னணி ஒன்று வியட்நாமின் ஆதரவோடு தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைவர் ஹெங் சம்ரின் அதே ஆண்டுவரை கெமர் ரூஜ் படைத்தளபதியாக இருந்தவர். அம்முன்னணியில் இருந்த இளைஞர் ஹுன் சென்னும் 1977இல் தப்பியோடிவந்த கெமர் ரூஜ் அதிகாரிதான். டிசம்பர் 25 அன்று ஏறத்தாழ 1,50,000 வியட்நாமிய வீரர்கள் எல்லையைக் கடந்தனர். இரண்டே வாரங்களில் ஆட்சி விழுந்தது.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வியட்நாம் தன் செயலுக்கு மனிதநேயத்தைக் காரணமாகக் காட்டவில்லை. நடந்தவை இரண்டு தனித்தனிப் போர்கள் என்றது. ஒன்று, எல்லையைக் காத்துக்கொள்ள வியட்நாம் நடத்திய தற்காப்புப் போர். மற்றொன்று, கம்போடிய மக்கள் தங்கள் ஆட்சியாளர்களுக்கு எதிராகத் தாமே நடத்திய புரட்சிப் போர். புனோம் பென் வீழ்ந்தது இரண்டாவதனால்தானாம். அவையில் இருந்த எவரும் இதை நம்பவில்லை. தன் பக்கம் இருந்த வலுவான நியாயத்தைச் சொல்லாமல் எவரும் நம்பாத ஒரு பொய்யை ஓர் அரசு ஏன் சொல்ல வேண்டும்? அந்த நியாயத்தை ஒருமுறை சட்டமாக ஏற்றுக்கொண்டால் அது நாளை தன்மீதும் பாயும் என்று ஒவ்வோர் அரசும் அஞ்சுவதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கூட்டத்தில் கெமர் ரூஜ் சார்பில் வந்து வியட்நாமைக் கண்டித்தவர் இளவரசர் சிஹானூக். மூன்றாண்டுகள் தம்மை அரண்மனைக் காவலில் வைத்திருந்த, தம் பிள்ளைகளிலும் பேரக்குழந்தைகளிலும் பலரைப் பலிகொண்ட ஆட்சிக்காகவே அவர் வாதாடினார். அதே நாட்களில், உடன் வந்த தூதுக்குழுவினரிடமிருந்து தப்பி அமெரிக்காவின் பாதுகாப்பையும் நாடினார். நாடகாசிரியர் எவரும் துணியாத பாத்திரப் படைப்பு. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை: அந்நியப் படை தம் நாட்டுக்குள் நுழைந்திருந்தது. பிரான்சின் பிரதிநிதி, ஓர் ஆட்சி வெறுக்கத்தக்கது என்பதற்காக அந்நியத் தலையீடு நியாயமாகிவிடும் என்ற எண்ணம் மிக ஆபத்தானது என்று எச்சரித்தார். படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தை 15 உறுப்பினர்களில் 13 பேர் ஆதரித்தனர். சோவியத் ஒன்றியம் தன் தடுப்பதிகாரத்தால் அதை வீழ்த்தியது.

இந்த எச்சரிக்கையை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடக் கூடாது. அவ்வாண்டுகளில் வியட்நாமுக்கு எதிரான தூதரகப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். லண்டனில் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலத்தில் நல்ல சிறுகதைகளை எழுதியவர் என்பதை இலக்கிய வாசகர்கள் நினைவிற்கொள்ளலாம். பெரிய அண்டை நாடுகளுக்கு நடுவே ஒரு சிறு தீவில் அமர்ந்திருந்த அவருக்கு இது ஏட்டுத் தத்துவமாக இருந்திருக்க முடியாது. கொடுங்கோலனை அகற்ற வந்தேன் என்று சொல்லிக்கொண்டு படையெடுக்க எந்தப் பேரரசுக்கும் தெரியும். 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவைக் கூறுபோட்டபோது ஹிட்லர் சொன்ன காரணமும் அங்கே ஜெர்மானியர்கள் கொடுமைப்படுத்தப்படுகிறார்கள் என்பதுதானே. சிறிய நாடுகளுக்கு எல்லைக்கோட்டைத் தவிர வேறு அரண் கிடையாது. இதுவரை ராஜரத்தினத்தின் தரப்போடு எனக்கு வழக்கில்லை.

வழக்கு அடுத்த படியில் தொடங்குகிறது. 1979 செப்டம்பர் 21 அன்று, கம்போடியாவின் இருக்கையில் யார் அமர்வது என்ற கேள்வி பொதுச்சபையின் முன் வந்தது. 71 நாடுகள் போல் பாட் ஆட்சியின் தூதருக்கே இடமளிக்க வாக்களித்தன; 35 நாடுகள் எதிர்த்தன; 34 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. துவோல் ஸ்லெங் கண்டுபிடிக்கப்பட்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அகதிகளின் வாய்மொழிகள் ஏற்கெனவே உலகின் காதுகளை எட்டியிருந்தன. வியட்நாமைக் கண்டிப்பதும் போல் பாட்டை அங்கீகரிப்பதும் ஒன்றல்ல. அதே மாதம் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு கம்போடியாவின் இருக்கையைக் காலியாகவே விட்டுவைத்தது. மூன்றாவது வழி கண்ணெதிரே இருந்தது. 71 நாடுகள் அதை நாடவில்லை.

மேலும், அந்தக் கொள்கை அவர்களுக்கு உண்மையிலேயே அவ்வளவு புனிதமாக இருந்ததா? அதே 1979 ஏப்ரலில் தான்சானியப் படைகள் உகாண்டாவுக்குள் நுழைந்து தலைநகர் கம்பாலாவைக் கைப்பற்றி இடி அமீனை விரட்டின. அங்கும் தொடக்கம் எல்லைத் தாக்குதலே: முந்தைய ஆண்டு அமீன் தான்சானியாவின் ககேரா பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கும் அண்டை நாட்டுப் படை தலைநகர்வரை சென்று ஆட்சியை மாற்றியது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் சில தலைவர்கள் நைரேரேயைக் குறைகூறியதோடு விவகாரம் முடிந்தது. அமீனின் தூதருக்கு ஐ.நா.வில் இருக்கை காத்துவைக்க எவரும் முன்வரவில்லை. நைரேரேயின் பின்னால் மாஸ்கோ இல்லை, அமீனின் பின்னால் பெய்ஜிங் இல்லை என்பதைத் தவிர இவ்விரண்டுக்கும் இடையே அறம் சார்ந்த வேறுபாடு எது?

இந்தியர்களாகிய நாம் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 1971 டிசம்பர் 7 அன்று பொதுச்சபை போர்நிறுத்தத்தையும் படை விலகலையும் கோரி 104க்கு 11 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. எல்லை தாண்டிவந்த ஒரு கோடி அகதிகளை ஏந்திக்கொண்டு இந்தியா அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது. 1980 ஜூலையில் இந்திரா காந்தியின் அரசு ஹெங் சம்ரின் அரசை அங்கீகரித்தபோது அந்தக் கூண்டின் நினைவும் உடன் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். சோவியத் நட்பும் இருந்தது, மறுக்கவில்லை. பின்னர் 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டைச் செப்பனிட்டவர்கள் இந்தியத் தொல்லியல் துறையினர். உலகம் விலக்கிவைத்திருந்த ஒரு நாட்டில், கண்ணிவெடிகளுக்கு நடுவே.

அந்த விலக்கலின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். புனோம் பென் அரசுக்கு நீண்டகால வளர்ச்சி உதவிகள் மறுக்கப்பட்டன. நான்காண்டுப் பட்டினியிலிருந்து எழுந்த மக்களுக்கு அவசரகால உணவுக்கு அப்பால் கிடைத்தது சொற்பம். தாய்லாந்து எல்லை முகாம்களிலோ, அகதிகளுக்கென்று வந்த அரிசியில் ஒரு பங்கு கெமர் ரூஜ் படையினரின் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது; சீனத்து ஆயுதங்கள் தாய்லாந்தின் வழியே அவர்களை அடைந்தன. தோற்று ஓடிய ஒரு கொலைப்படை இப்படித்தான் மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்தது. தலையிட்டவனின் அறத்தைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. தலையிட்டவனைத் தண்டிக்க முற்பட்டவர்களின் அறமும் அதே அளவுக்கு விசாரிக்கத்தக்கது.

இனி வியட்நாமின் பக்கம். வந்த படை திரும்பவில்லை. 1989 செப்டம்பர்வரை, பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்தது. அமைச்சகங்கள்தோறும் வியட்நாமிய ஆலோசகர்கள் அமர்ந்தனர். துவோல் ஸ்லெங்கை அருங்காட்சியகமாக அமைத்தவரே ஒரு வியட்நாமியப் படை அதிகாரிதான். ஹோ சி மின் நகரில் அமெரிக்கப் போர்க்குற்றங்களுக்கான காட்சியகத்தை அமைத்த அனுபவம் உடையவர். அங்கே காட்டப்பட்ட கொடுமை அத்தனையும் உண்மை. அந்த உண்மையே படையின் இருப்புக்குச் சான்றிதழாகவும் பயன்பட்டது. 1980களின் நடுவில் தாய்லாந்து எல்லை நெடுகத் தடுப்பரண் எழுப்பும் ‘கே5’ திட்டத்துக்காகக் கம்போடியக் குடியானவர்கள் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் மடிந்தனர். போல் பாட்டின் கட்டாய உழைப்பிலிருந்து மீண்டவர்களின் நிலை இது. வங்கத்தில் 1971 டிசம்பர் 16 அன்று வென்ற இந்தியப் படை 1972 மார்ச்சில் வெளியேறிவிட்டதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அங்கே அதிகாரத்தை ஏற்க, தேர்தலில் வென்ற ஒரு தலைவர் இருந்தார். கம்போடியாவில் அப்படி எவரையும் போல் பாட் மிச்சம் வைக்கவில்லை என்பதும் உண்மையே.

முதுகலை மாணவர்களுக்குப் புறத்திணையியல் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நான் சற்று நிற்பதுண்டு. வேற்று நாட்டின் மேல் படையெடுத்துச் செல்லும் வஞ்சிக்குத் தொல்காப்பியர் காட்டும் காரணம் மண்ணாசை. ஒளிவுமறைவு இல்லை. ஆனால் போரின் தொடக்கமான வெட்சியில், பகைவர் புலத்து ஆநிரையைக் களவில் கவர்ந்து வருவதைச் சொல்லும்போது, கொண்டுவந்து காத்தல் என்கிறார். போர் வருவதை அறியாத பசுக்கள் அழியாதிருக்க அவற்றை முன்னரே அகற்றிக் காக்கும் அறமாக நச்சினார்க்கினியர் இதற்கு உரை வகுப்பார். மாணவர்கள் சிரிப்பார்கள், திருட்டுக்கு இப்படியும் ஒரு பெயரா என்பார்கள். எனக்கு அது வெறும் சப்பைக்கட்டாகத் தோன்றவில்லை. பசுக்கள் உண்மையிலேயே பிழைக்கின்றன. பிழைத்த பசுக்கள் திரும்பி வருவதில்லை என்பதும் உண்மை. உடையவர் வேண்டுமென்றால் கரந்தை சூடிப் போர் செய்துதான் மீட்க வேண்டும். கவர்தலும் காத்தலும் ஒரே செயலின் இரு பெயர்களாக இருக்க முடியும் என்பதை அந்த நூற்பா எந்தக் கூச்சமும் இன்றி ஒப்புக்கொள்கிறது.

பிழைத்தவர்கள்மேல் ஒரு கடனும் ஏறிவிடுகிறது. செஞ்சோற்றுக்கடன் என்று நாம் போற்றும் அதே கடன். கர்ணனைப் போலவே, சோறிட்டவனின் மற்றச் செயல்களைக் கேள்வி கேட்கும் உரிமை அவர்களிடமிருந்து பறிபோகிறது. 1985இல் பிரதமரான ஹுன் சென் 2023வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். பின்னர் அப்பதவி அவர் மகனுக்குச் சென்றது. அவ்வளவு காலமும் ஜனவரி 7 விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. அந்த நாள் இல்லையேல் நீங்கள் யாரும் இல்லை என்பதே ஆட்சியின் முதல் வாதம். எதிர்க்கட்சியினருக்கோ அதே நாள் அந்நிய ஆதிக்கம் தொடங்கிய நாள்.

தமிழ் வாசகர் எவரும் இதை 1987ஐ நினைக்காமல் படிக்க முடியாது. இந்திய அமைதிப்படை இலங்கை அரசின் ஒப்புதலோடு, ஜூலை 29 உடன்படிக்கையின் பேரில் சென்றது. அவ்வகையில் வியட்நாமின் நிலை வேறு. ஆனால் யாழ்ப்பாணத்தில் மாலையிட்டு வரவேற்கப்பட்ட படை மூன்று மாதங்களுக்குள் அவ்வூரிலேயே போரிட்டுக்கொண்டிருந்தது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டனர். 1,200 அளவில் இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகம் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. வியட்நாம் வீரர்கள் கம்போடியாவை விட்டு அகன்றதும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான். யாருக்காகச் சென்றார்களோ அவர்கள் விரும்பும் தீர்வும் அனுப்பிய அரசு விரும்பும் தீர்வும் பிரியும் நாளில், படை எப்போதும் அனுப்பிய அரசின் பக்கமே நிற்கும். இதில் வீரர்களின் நல்லெண்ணத்துக்குப் பங்கில்லை.

ஆகவே நோக்கம் தூய்மையானதா என்ற வழக்கமான கேள்வியை நான் சற்று இடம் மாற்றி வைக்க விரும்புகிறேன். ஜனவரி 8 அன்று துவோல் ஸ்லெங்கில் கொல்லப்படவிருந்த ஒருவருக்கு வியட்நாமின் நோக்கம் எதுவாக இருந்தால் என்ன? அவரைப் பொறுத்தவரை படையெடுப்பு சரி. அதைத் தவறென்று சொல்லும் எந்த அறநூலும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச இயலாது. நோக்கம் முக்கியமாவது மறுநாளிலிருந்து. தன் எல்லையின் பாதுகாப்புக்காக வந்தவன் தன் எல்லை பாதுகாப்பாகிவிட்டதென்று தான் கருதும்வரை இருப்பான். தன் பகைவனின் பகைவனை அரியணையில் அமர்த்துவான். அங்குள்ளோரின் விருப்பம் அவன் கணக்கில் கடைசியில் வரும். நுழைந்தது நியாயமா என்பதற்கு நோக்கத்தில் விடை இல்லை. எப்போது, யார் சொல்லி வெளியேறுவான் என்பதற்கு அதில் விடை உண்டு. 1979இல் உலகம் வியட்நாமிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இருக்கையைக் காலியாக வைத்துவிட்டு, கொலைகாரர்கள் திரும்பாமல் இருக்க நாங்கள் பொறுப்பேற்கிறோம், நீங்கள் என்று வெளியேறுவீர்கள் என்று கேட்டிருந்தால் ஹனோயின் சாக்குகள் பாதி குறைந்திருக்கும். போல் பாட்டைக் காட்டியே படை அங்கே தங்கியது. அவரை எல்லையில் உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்தப் படையை வெளியேறச் சொன்னவர்கள்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991 அக்டோபர் 23 அன்று பாரிசில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கையில் கெமர் ரூஜும் ஒரு தரப்பு. அதனால் இனப்படுகொலை என்ற சொல் அதில் இடம்பெறவில்லை. கடந்த காலத்தின் கொள்கைகள், நடைமுறைகள் என்று மங்கலமாக எழுதிக்கொண்டார்கள். நம் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று ஒன்று உண்டு. அதற்கு இதைவிடக் கொடிய சான்றை நான் கண்டதில்லை. போல் பாட் 1998இல் விசாரணையின்றி இறந்தார். ஐ.நா.வின் துணையோடு அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2006இல்தான் பணியைத் தொடங்கியது. 2022இல் இறுதி மேல்முறையீட்டை முடித்தபோது அது தண்டித்திருந்தவர்கள் மூவர். 2018 நவம்பரில் அது முதன்முறையாக இனப்படுகொலைக் குற்றத்தை உறுதிசெய்தது. அவ்வாறு கொல்லப்பட்டோரில் சாம் முஸ்லிம்களோடு கம்போடியாவில் வாழ்ந்த வியட்நாமியரும் அடக்கம்.

2019இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், மறைந்த தாய்லாந்துத் தலைவர் பிரேம் தின்சுலாநோந்தாவுக்கு எழுதிய இரங்கற் குறிப்பில், வியட்நாம் கம்போடியாமீது படையெடுத்ததை ஆசியான் நாடுகள் ஒன்றுபட்டு எதிர்த்த வரலாற்றை நினைவுகூர்ந்தார். ‘படையெடுப்பு’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஹனோயும் புனோம் பென்னும் கண்டனம் தெரிவித்தன. சிங்கப்பூர் அன்று இனப்படுகொலையை ஆதரித்தது என்று ஹுன் சென் கடுமையாகப் பேசினார். சிங்கப்பூர் தன் பழைய நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. கெமர் ரூஜ்மீது தனக்கு எந்தப் பரிவும் இருந்ததில்லை என்று மட்டும் சேர்த்துக்கொண்டது.